மருந்து யாரை விட்டுவைக்கிறது?

"முன்னே எல்லாம் பம்புக்கு ரெண்டு மூடி ஊத்தி அடிச்சாப் போதும், மூணாம் நாள் புல்லு கருகிடும். இப்ப நாலு மூடி ஊத்தினாலும் நம்மளப் பார்த்துச் சிரிக்குது." மருந்தடிக்கும் வேலைக்குப் போகிற அக்காமார்களின் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. இதே பேச்சு கிளினிக் வாசலிலும் கேட்கிறது. "போன தடவை இந்த மாத்திரைதான் கேட்டுச்சு டாக்டர், இந்தத் தடவை கேக்கலையே!"

புல் வேறு, நோய்க்கிருமி வேறு. ஆனாலும் இரண்டுக்கும் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பழகிப் போச்சு." கிரியான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பண்டார் பாருவில் கேட்டாலும் சரி, பாலத்தைத் தாண்டி பாரிட் புந்தாரில் கேட்டாலும் சரி, இந்த ஒரு சொல்லில் பேச்சை முடித்துவிடுவார்கள்.

அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே! அந்தச் சொல்லைத்தான் இந்தத் தடவை கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம். அது தப்பான சொல். தப்பான சொல் என்பதோடு போனால் பரவாயில்லை, அதை நம்பி மாத்திரையைத் தப்பாகச் சாப்பிடுகிறோம். வீட்டில் ஒருவருக்குச் சயரோகம் என்று வந்துவிட்டால் அந்தத் தப்பு ஓர் உயிரின் விலையாகிவிடும்.

கள்ளுக்குப் பழகிய ஆளைப் பாருங்கள். முதல் நாள் ஒரு குவளையில் தள்ளாடியவன், வருஷம் போனால் நாலு குவளை கேட்கிறான். அது ஒரே உடம்புக்குள் நடக்கிற பழக்கம். புல்லில் நடப்பது அப்படி இல்லை. மருந்து பட்ட புல் மருந்தைக் கற்றுக்கொண்டு மறுநாள் எழுந்து நிற்பதில்லை. செத்த புல் செத்ததுதான். அப்படியென்றால் இன்றைக்குச் சிரிக்கிற புல் எது?

பொறுக்கி எடுப்பது யார்?

பால் மரத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பிரேசில் காட்டிலிருந்து 1876-இல் கொண்டுபோன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் லண்டனிலிருந்து இந்தப் பக்கம் வந்தன. அவற்றின் வாரிசுகளைத்தான் நம் தாத்தா பாட்டிமார் வெட்டினார்கள். அந்தப் பழைய விதை மரங்களில் ஒன்று கோப்பை நிறையப் பால் கொடுக்கும், பக்கத்து மரம் அடிக்கோப்பையோடு நிறுத்திக்கொள்ளும். ஒரே நிரை, ஒரே மண், ஒரே கத்தி, ஆனாலும் மரத்துக்கு மரம் வித்தியாசம். ஆராய்ச்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? அதிகம் பால் தரும் மரத்தைப் பொறுக்கி, அதை இன்னொரு நல்ல மரத்தோடு சேர்த்து, பிறந்ததில் மறுபடி பொறுக்கி, கடைசியில் தேறியதை ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பேரை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஒட்டுமரம் அப்படி வந்ததுதான்.

எந்த மரமும் "நாளையிலிருந்து அதிகம் பால் கொடுப்பேன்" என்று முயற்சி செய்யவில்லை. வித்தியாசம் ஏற்கெனவே இருந்தது. அந்த வித்தியாசம் விதை வழியாகப் பிள்ளைகளுக்குப் போனது. எதை வளர்ப்பது, எதை விடுவது என்று மனிதன் பொறுக்கினான்.

அதே வேலையை ஆள் இல்லாமல் இயற்கையும் செய்கிறது. பொறுக்குவது வெயிலாக இருக்கலாம், பஞ்சமாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், பம்பில் நாம் கலக்கிற விஷமாகவும் இருக்கலாம். தாக்குப் பிடித்தது விதை போடுகிறது. தாங்காதது விதை போடாமலே போகிறது. அடுத்த தலைமுறையில் யாருடைய பிள்ளைகள் அதிகம் இருக்கும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறார்கள்.

இந்த உண்மையை 19-ஆம் நூற்றாண்டில் இருவர் தனித்தனியே கண்டார்கள். ஒருவர் சார்லஸ் டார்வின். மற்றவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். வாலஸ் நம் பக்கத்து மனிதர் என்றே சொல்லலாம். 1854-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கி, மலாக்காவில் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் பிடித்தவர், எட்டு வருஷம் இந்தத் தீவுகளிலேயே சுற்றினார். 1858 பிப்ரவரியில் மொலுக்காஸ் தீவுகளில் குளிர்காய்ச்சலில் போர்த்திப் படுத்துக் கிடந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது: இத்தனை பிறக்கின்றன, அத்தனையும் பிழைப்பதில்லை, யார் சாகிறார்கள், யார் பிழைக்கிறார்கள்? காய்ச்சல் விட்டதும் எழுதி டார்வினுக்கே தபாலில் அனுப்பினார். அந்த வருஷம் ஜூலை முதல் தேதி லண்டனில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டது. டார்வினின் பெரிய புத்தகம் 1859-இல் வந்தது.

"தகுதி உள்ளது பிழைக்கும்" என்ற வாசகத்தைப் பலர் வாலஸ், டார்வின் தலையில் கட்டுகிறார்கள். அதை முதலில் சொன்னவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற இன்னொருவர். பெரிய வீட்டில் இருப்பவன் தகுதியால் இருக்கிறான், லயத்தில் இருப்பவன் தகுதியில்லாமல் இருக்கிறான் என்று பேசுவதற்கு அந்த வாசகத்தை நிறையப் பேர் ஊன்றுகோலாக்கிக்கொண்டார்கள். அதில் ஒரு நியாயமும் இல்லை. இயற்கைத் தேர்வில் தகுதி என்பது அந்த இடத்தில், அந்த நேரத்தில் பிழைத்துப் பிள்ளை விடுவது, அவ்வளவுதான். விஷம் அடித்த கட்டையில் நிற்கிற களைப்புல்லும் அந்தக் கணக்கில் தகுதி உள்ளதுதான்!

கேழ்வரகின் பங்காளி

அந்தப் புல்லுக்கே வருவோம். மலாய்க்காரர்கள் சம்பாவ் என்று சொல்வார்கள். கேழ்வரகுப் பயிருக்குப் பங்காளி முறை, கதிரும் அதே மாதிரி விரல் விரலாக விரியும். ரோட்டு ஓரம், செம்பனைக் கன்றுகளின் நடுவில், காய்கறிக் கொல்லையில், எங்கும் இருக்கும். வேரோடு பிடுங்கப் போனால் கை சிவந்துவிடும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை, ரவுண்டப் என்ற பேரில் நிறையப் பேருக்குத் தெரிந்த மருந்தை, இந்தப் புல் தாங்கி நிற்பது பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் 1997-இல் தெரியவந்தது. அதாவது நம் பழைய தெலுக் ஆன்சன். உள்ளே நடந்தது என்னவென்று பின்னர் ஆராய்ந்து பார்த்தார்கள். புல் உயிர் வாழத் தேவையான சத்து ஒன்றைத் தயாரிக்கும் நொதியில் போய் இந்த மருந்து உட்கார்ந்துகொள்ளும். பூட்டுத் துவாரத்தில் குச்சியைச் செருகின மாதிரி, பிறகு வேலை நடக்காது, புல் காயும். தப்பிய புல்லில் அந்தத் துவாரத்தின் வடிவம் இம்மியளவு மாறியிருந்தது. குச்சி சரியாக உட்காரவில்லை.

அந்த மாற்றம் எப்படி வந்தது? கிராணி ஒரு மாதத்துச் செக்ரோலைப் பார்த்து அடுத்த மாதத்துக்குப் பேர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேரை எழுதும்போது எங்கோ ஓர் எழுத்து மாறிப் போகும். உயிர்களும் பிள்ளை விடும்போதெல்லாம் தங்கள் மரபுக் குறிப்பை நகல் எடுக்கின்றன. அங்கும் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. சில மாற்றம் கெடுதல். கோடிக்கணக்கான செடிகளில் ஏதோ ஒன்றில் விழுந்த மாற்றம் இந்தத் துவாரத்தில் விழுந்தது. மருந்து அடிக்காத காட்டில் அந்தச் செடிக்கு அதனால் எந்த லாபமும் இல்லை, கூட்டத்தில் ஒன்றாகக் கிடந்திருக்கும். வருஷத்துக்குப் பல தடவை ஒரே மருந்தை அடித்தபோது மற்றதெல்லாம் கருகி, அதற்கு மட்டும் நிலமும் வெயிலும் மிச்சமாகக் கிடைத்தன. அந்தப் புல்லுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது நாம் அடித்த மருந்துதான்.

கதை அங்கே நிற்கவில்லை. பிறகு இதே புல்லில் இரண்டு எழுத்து மாறிய வகையும் மலேசியாவில் கண்டார்கள். அது கிளைபோசேட்டை இன்னும் அதிகமாகத் தாங்கும். குளுபோசினேட் என்ற வேறொரு மருந்தைத் தாங்கும் களை உலகத்திலேயே முதலில் பதிவானதும் இந்த நாட்டில், இந்தப் புல்லில்தான்.

சுகாதாரப் பகுதியில் புல்லைப் பற்றி எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். புல் சாகவில்லை என்றால் அடுத்து என்ன நடக்கிறது? இரண்டு மூடி நாலு மூடியாகிறது. மாதம் ஒரு சுற்று இரண்டு சுற்றாகிறது. இரண்டு மருந்தைக் கலந்து அடி என்று உத்தரவு வருகிறது. தாங்கும் புல்லின் பிள்ளைகள் அதையும் தாங்குகின்றன, பம்பைச் சுமக்கிற பெண்ணின் முதுகு தாங்குவதில்லை. பாராகுவாட் அடித்த காலத்தில் நகம் பழுத்து விழுந்ததும், மூக்கில் இரத்தம் வந்ததும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. மலேசியாவில் அதை 2002-இல் தடுத்தார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் முழுவதுமாக நிறுத்தினார்கள். ஆகவே மேற்பார்வையாளர் "இன்னும் ரெண்டு மூடி ஊத்து" என்று சொல்லும்போது, "அளவைக் கூட்டினா தாங்குற புல்லுதாங்க மிஞ்சும், மருந்தை மாத்துங்க, இல்லாட்டி வெட்டச் சொல்லுங்க" என்று சொல்ல உங்களுக்குக் காரணம் இருக்கிறது. புட்டியில் ஒட்டிய சீட்டில் போட்ட அளவுக்கு மேல் கலக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நெஞ்சுக்குள் ஒரு தோட்டம்

இனி சயரோகம். டி.பி. என்றும், எலும்புருக்கி என்றும் பெரியவர்கள் பயந்து பேசிய நோய். முன்காலத்தில் லயத்துச் சின்ன அறையில் ஒருவர் இருமினால் ஏழு பேர் மூச்சில் அது போகும்.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபோது சயரோகத்துக்கு முடிவு வந்துவிட்டது என்று உலகமே நினைத்தது. பிரிட்டனில் 107 நோயாளிகளை வைத்துப் பரீட்சை செய்து பார்த்தார்கள். 55 பேருக்கு ஊசி, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள், ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 14 பேர். எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் ஐந்து வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தபோது அந்த 55 பேரில் 32 பேரும், இந்த 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தார்கள். வெற்றி ஏறக்குறைய கரைந்துவிட்டது. ஊசி போட்ட பலரின் சளியில் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மசியாத கிருமிகள் வளர்ந்திருந்தன.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிதானமாகப் பாருங்கள், சம்பளச் சீட்டைப் பார்க்கிற மாதிரி.

நுரையீரலில் சயரோகம் குடைந்த ஒரு பொந்தில் பத்துக் கோடி கிருமிகள்கூட இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் ஐசோனியசிட் என்ற மாத்திரைக்கு மசியாத கிருமி, மாத்திரை போடுவதற்கு முன்பே, பத்து லட்சத்துக்கு ஒன்று வீதம் இருக்கும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நகல் எடுத்ததில் எழுத்து மாறியது, அவ்வளவுதான். பத்துக் கோடியில் அப்படிப்பட்டவை ஏறக்குறைய நூறு. அந்த ஒரு மாத்திரையை மட்டும் சாப்பிட்டால் என்ன ஆகும்? மற்றதெல்லாம் சாகும். இருமல் குறையும், பசி எடுக்கும், எடை கூடும், "ஆளு தேறிட்டான்" என்பார்கள். உள்ளே அந்த நூறு மட்டும் காலி நிலத்தில் பெருகிக்கொண்டிருக்கும். சில மாதத்தில் மறுபடி இருமல். இப்போது நெஞ்சில் இருப்பதெல்லாம் அந்த நூறின் வாரிசுகள்.

இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டாவது மருந்துக்கும் மசியாதது பத்து லட்சத்துக்கு ஒன்று என்று வைத்தால், இரண்டுக்குமே மசியாத கிருமி லட்சம் கோடியில் ஒன்றுதான். பத்துக் கோடி கிருமி உள்ள நெஞ்சில் அப்படி ஒன்று இருப்பது, பத்தாயிரம் நோயாளிகளில் ஒருவருக்கு நேர்கிற சங்கதி. முதல் மருந்துக்குத் தப்பியதை இரண்டாவது பிடிக்கும், இரண்டாவதுக்குத் தப்பியதை முதலாவது பிடிக்கும். சயரோகத்துக்கு ஏன் ஒரு பிடி மாத்திரை கொடுக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். டாக்டருக்கு எது கேட்கும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. இன்றைய சாதாரண முறையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து.

இந்த மாத்திரைகளை ஏழைகள் வீட்டிலிருந்தே சாப்பிட்டுக் குணமாக முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான். அதற்கு முன்பெல்லாம் மலைக்காற்று, முட்டை, பால், வருஷக்கணக்கில் சானிடோரியப் படுக்கை என்று சொல்வார்கள். கூலி வேலை செய்பவன் எங்கே போவான்? 1956-இல் சென்னையில் சயரோக மருந்தாராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானிடோரியத்திலும் மற்றதை அவரவர் நெருக்கமான வீட்டிலும் வைத்து, இரண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரி இரண்டு மருந்து சேர்த்து ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் கூடுதலாக ஒட்டவில்லை. குணப்படுத்தியது மலைக்காற்றல்ல, முறை தவறாமல் விழுங்கிய மாத்திரை. அதன் பிறகு உலகம் முழுக்கச் சானிடோரியங்கள் ஒன்றொன்றாக மூடப்பட்டன.

நம் வீடுகளில் தப்பு எங்கே நடக்கிறது? முதல் மாதத்திலேயே உடம்பு தேறிவிடுகிறது. "இனி எதுக்கு மாத்திரை, வேலைக்குப் போகணும்" என்று நிறுத்துகிறோம். உள்ளே தூங்குகிற மாதிரி கிடக்கும் கிருமிகள் மறுபடி எழுந்துகொள்கின்றன. இதைவிட மோசம், பாதி பாதியாகச் சாப்பிடுவது. ஒரு மாத்திரை குமட்டுகிறது என்று அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை விழுங்குவது, மூன்று நாள் சாப்பிட்டு நாலு நாள் விடுவது. நான்கு மருந்தில் மூன்றை ஒதுக்கினால் மேலே சொன்ன அந்த நூறுக்கு நாமே நிலத்தைத் திருத்திக் கொடுக்கிறோம். ஐசோனியசிட், ரிபாம்பிசின் இரண்டுக்குமே மசியாத சயரோகம் என்று ஒன்று இப்படித்தான் உண்டாகிறது. அது இருமலில் அடுத்தவருக்குப் போகும்போது, ஒரு மாத்திரைகூடத் தவறவிடாத பிள்ளைக்கும் அதே முரட்டுக் கிருமிதான் போகும். அதைக் குணப்படுத்தப் பல வருஷங்களாக ஒன்றரை வருஷத்துக்கு மேல் மருந்து கொடுத்தார்கள். அதில் காதைச் செவிடாக்கக்கூடிய ஊசியும் இருந்தது. 2022-லிருந்து உலக சுகாதார நிறுவனம் ஆறு மாத மாத்திரை முறையைச் சிபாரிசு செய்கிறது. நல்ல காலம்தான். ஆனால் அந்தப் புது மருந்துகளுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

குமட்டினால், கண் மஞ்சளானால், மாத்திரையை நீங்களாக ஒதுக்காமல் அன்றைக்கே கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள். மாற்றிக் கொடுக்க வழி உண்டு. மூத்திரம் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ரிபாம்பிசினின் சாயம். சம்சு குடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: இந்த மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் ஈரல் கெடும்.

கொயினாவும் குரங்கும்

தோட்டத்துப் பழைய கதை என்றால் அதில் குளிர்காய்ச்சல் இல்லாமல் இருக்காது. கெடாவின் மலையோரக் காடுகளை அழித்து ரப்பர் போட்டபோது, நிழலில் ஓடிய ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் பட்ட தெளிந்த தண்ணீரில் முட்டையிடும் ஒரு வகை கொசு பெருகியது. கப்பலேறி வந்த நம் ஆட்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க ஆரம்பித்தார். கொயினாவும் கொடுத்தார்கள், பிறகு ஓடையில் எண்ணெய் ஊற்றும் ஆள் வந்தார், உலகப் போருக்குப் பின் டி.டி.டி.யும் குளோரோகுயின் மாத்திரையும் வந்தன.

குளோரோகுயினுக்கு நடந்ததும் அந்தச் சம்பாவ் புல்லின் கதையே. கம்போடியாவின் பைலின் வட்டாரத்தில், இரத்தினக்கல் தோண்ட வந்த ஆட்களுக்காக 1960 வாக்கில் உப்பிலேயே மலேரியா மருந்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். யோசனை நல்லதாகத்தான் தெரிந்தது. ஒருவர் எவ்வளவு உப்புத் தின்பார் என்பதற்குக் கணக்கு உண்டா? உடம்பில் எப்போதும் கொஞ்சம் மருந்து, கிருமி சாகும் அளவுக்கு இல்லை. மருந்துக்கு மசியாத கிருமியைப் பொறுக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேறு இருக்க முடியாது. அந்த எல்லைப் பகுதியிலும், அங்கிருந்து வெகு தூரத்தில் கொலம்பியாவிலும் குளோரோகுயின் தோற்க ஆரம்பித்தது. 1963-க்குள் மலாயாவிலும் அப்படிப்பட்ட கிருமி பதிவாகிவிட்டது.

ஆனால் தேர்வு ஒரே திசையில்தான் போகும் என்பதில்லை. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாடு 1993-இல் குளோரோகுயினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாறியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பரிசோதித்தபோது அதே குளோரோகுயின் மறுபடி நன்றாகக் கேட்டது! மருந்தைத் தாங்கும் கிருமிக்கு அந்தச் சக்தி ஒரு சுமை. மருந்து இருந்த வரை அந்தச் சுமைக்கு லாபம் இருந்தது. மருந்தை நிறுத்தியதும் சுமையில்லாத சாதாரணக் கிருமி முந்திக்கொண்டது. கிருமி கற்றுக்கொண்டதும் இல்லை, மறந்ததும் இல்லை, ஒன்றின் பிள்ளைகள் குறைந்து மற்றதன் பிள்ளைகள் பெருகின.

மலேசியாவில் 2018-லிருந்து மனித மலேரியா உள்நாட்டில் தொற்றியதாகப் பதிவே இல்லை. பெரிய சாதனை. இன்று மிஞ்சியிருப்பது குரங்கு மலேரியா. நீண்ட வால் குரங்கிலிருந்து காட்டுக் கொசு வழியாக மனிதனுக்கு வருகிறது, கவனிக்காவிட்டால் உயிரையும் எடுக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கிருமியைப் பழைய குளோரோகுயின் இன்றும் கொல்லும். ஏன் தெரியுமா? அது வாழ்வது பெரும்பாலும் குரங்கின் இரத்தத்தில். எந்தக் குரங்கு மாத்திரை சாப்பிடுகிறது? பொறுக்குவதற்கு அங்கே மருந்தே இல்லை. காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் காய்ச்சல் வந்தால் "டிங்கியா இருக்கும்" என்று படுத்துவிடாமல், காட்டுப் பக்கம் வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதுதான் இரத்தத்தில் மலேரியாவைத் தேடுவார்கள்.

மலேரியா மனிதர்களையும் பொறுக்கியிருக்கிறது. இந்த நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள் கொடி இரத்தத்தை எடுத்து ஜி-6-பி-டி குறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால், துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை போடாதீர்கள், கண்ட மாத்திரை கொடுக்காதீர்கள், இரத்தம் உடையும் என்று எச்சரிப்பார்கள். இப்படி ஒரு குறை ஏன் இவ்வளவு பேரிடம் தங்கியிருக்கிறது? அப்படிப்பட்ட சிவப்பணுவில் மலேரியாக் கிருமி செழிப்பதில்லை. காய்ச்சல் பூமியில் மற்றக் குழந்தைகள் மாண்டபோது இந்தக் குழந்தைகளில் கொஞ்சம் அதிகம் பேர் தப்பினார்கள். நீலகிரியின் மலைவாசிகளிடம் 1952-இல் கண்டறியப்பட்ட அரிவாள் அணுவின் கதையும் இதுதான். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவுக்குக் கவசம், இருவரிடமிருந்தும் வந்தால் வாழ்நாள் வேதனை. நல்லதா கெட்டதா என்று இயற்கை பார்ப்பதில்லை. அந்த இடத்தில் பிழைத்தார்களா என்ற ஒரு கணக்குதான் அதற்கு.

கடைசியாக, சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் "பெரிய மருந்து குடுங்க" என்று ஆன்டிபயாடிக் கேட்கும் பழக்கத்தைப் பற்றி. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. அது தொடுவது உங்கள் குடலிலும் தொண்டையிலும் சும்மா கிடக்கும் மற்றக் கிருமிகளை. அவற்றில் மசியாதவை மிஞ்சும், பிறகு உண்மையாகப் புண் சீழ் வைக்கும்போது அதே மருந்து கேட்காமல் போகும். பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்த நாலு கேப்சூலை வாங்கிப் போடுவதும் அந்த மாதிரிதான். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பது நோய்க்கு நோய் மாறும். சிலவற்றுக்கு ஐந்து நாளே போதும் என்று இப்போது சொல்கிறார்கள், சயரோகத்துக்கு ஆறு மாதம். கொடுத்தவர் சொன்ன நாள்தான் கணக்கு.

சயரோக மருந்து சாப்பிடும்போது தோட்டம் மாறிப் போகிறவர்கள் நம்மிடையே நிறைய. குத்தகை முடிகிறது, நடுவில் பினாங்கு பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், மாத்திரை அங்கேயே நின்றுபோகிறது. புறப்படும் முன் கிளினிக்கில் சொல்லி, எந்த மருந்துகள், எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதிய கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். புது ஊரின் கிளினிக்கில் அதைக் காட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். வழிக்கு வேண்டிய மாத்திரையையும் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள், பெட்டியின் அடியில் போட வேண்டாம். கூடவே, அதே வீட்டில் படுத்து எழுந்த பிள்ளைகளையும் ஒரு தடவை பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டுப் புறப்படுங்கள்.